ஊசி இறுக்கிய போல்ட்டுகள்

அந்தத் தெருவில் மாப்பிள்ளை என்றால் ஒருவர்தான். கல்யாணமான புதிதில் மச்சான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். பட்டறைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி நாள் முழுக்கக் கூப்பிட்டதில் பக்கத்துக் கடைக்காரர்களுக்குத் தொற்றியது, பிறகு வண்டி கொண்டுவருகிறவர்களுக்கும் தொற்றியது. தலை நரைத்த பெரியவர்கள்கூட வாசலில் நின்று "மாப்பிள்ளை இருக்காரா?" என்று கேட்பார்கள். "இவர் எத்தனை வீட்டுக்குத்தான் மாப்பிள்ளையோ!" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

கூப்பிட்ட மச்சானுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஊசி. ஆள் அவ்வளவு ஒல்லி. வாயைத் திறந்தால் குத்தாமல் மூடமாட்டார் என்பது அதைவிடப் பெரிய காரணம். "என்ன மாப்ள, அந்த போல்ட்டு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? என் தங்கச்சி மேல இருக்கற கோவத்தை அதுகிட்ட ஏன் காட்டுற?" என்பார். ஒரு வேலையை முடித்துவிட்டு நிமிர்ந்தால், "முடிஞ்சுதா? நான் இன்னொரு கல்யாணம் பண்ணியிருக்கலாம், அவ்வளவு நேரம்" என்பார். முதல் கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவர் அவர்.

அதற்கு நேரம் இல்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது தங்கைக்குப் பாவாடை கட்டத் தெரியாத வயசு. ஊசி பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு லாரிகளுக்கு அடியில் படுக்கப் போனார். பல்சக்கரங்களை டீசலில் கழுவிக்கொடுக்கும் வேலை. கழுவிய சக்கரங்களை எந்த வரிசையில் கோர்க்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே கியர்பாக்ஸ் கற்றுக்கொண்டார். தங்கைக்குத் தலை பின்னுவதையும் அப்படித்தான், பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பிறகு சொந்தமாக ஒரு பட்டறை போட்டார். அதில் வேலைக்குச் சேர்ந்தவர்தான் மாப்பிள்ளை. "வேலை தேடி வந்தவன் வீட்டுக்குள்ளயே பூந்துட்டான்" என்று ஊசி எல்லாரிடமும் புகார் சொல்வார். ஆனால் தங்கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அவரிடம் போய் நின்றதே ஊசிதான். மாடி அறையில் ஊசி, கீழே அவர்கள் இருவர். பிள்ளைகள் படித்து வேலைக்காக வெளியூர் போன பிறகு வீட்டில் அந்த மூன்று பேர்தான்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கியர்பாக்ஸை இறக்குவதைப் பார்க்க வேண்டும். ஒருவர் அடியில், ஒருவர் பக்கவாட்டில். இரும்பு மூட்டை மாதிரி கனம் அது. ஜாக்கியின் மேல் உட்காரவைத்து, மயிரிழை இந்தப்பக்கம், மயிரிழை அந்தப்பக்கம் என்று நகர்த்த வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் ஊசி பேசமாட்டார். பேச வேண்டியதில்லை. ஒருவர் கை நின்ற இடத்தில் இன்னொருவர் கை தொடங்கும். இருபது வருஷத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. அந்த இருபது வருஷத்தில் மாப்பிள்ளையின் வேலையை ஊசி ஒருதரம்கூட நல்லா இருக்கிறது என்று சொன்னதில்லை. வேறு யாராவது சொன்னால், "சுமாரா வரும்" என்று திருத்துவார்.

ஒரு மழைக்காலத்தில்தான் மாப்பிள்ளை முதலில் கவனித்தார். ஊசியின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. ஆயில் கை, யாருக்கும் நழுவும். பிறகு இன்னொரு நாள் நழுவியது. ஊசி கீழே குனிந்து எடுத்துக்கொண்டே "இந்த ஸ்பேனருக்கு வயசாயிடுச்சு மாப்ள" என்றார். பிறகு ஒரு நாள், ஊசி மாட்டிமுடித்த ஒரு மூடியை மாப்பிள்ளை துணியால் துடைக்கும்போது போல்ட் ஒன்று விரலோடு சுழன்றது. ஊசி இறுக்கிய போல்ட்! அடுத்ததைத் தொட்டார். அதுவும் கொஞ்சம் சுழன்றது. ஊசி கை கழுவப் பின்பக்கம் போயிருந்தார். மாப்பிள்ளை மளமளவென்று எல்லாவற்றையும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதது மாதிரி நின்றார்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஊசி கை கழுவப் போகும்போதெல்லாம் மாப்பிள்ளை அவர் வேலையைத் தொட்டுப் பார்ப்பார். எது தளர்ந்திருக்கிறதோ அதை இறுக்குவார். திருடனைப் போலப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே செய்வார். கேட்டுவிடலாம் என்று பலதரம் வாய்வரை வந்தது. எப்படிக் கேட்பது? மச்சான், உன் கைக்கு என்ன என்று கேட்பதும், மச்சான், நீ யார் என்று கேட்பதும் அவருக்கு ஒன்றாகவே பட்டது.

பல் டாக்டரின் மஞ்சள் கார் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

பல் டாக்டர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து கிடப்பவர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அந்த ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே வளைந்து வளைந்து மேலேறும் சாலைக்குப் போய்விடுவார். அவருக்கிருந்த ஒரே ஆடம்பரம் அதுதான். இடுப்புயரம்கூட இல்லாத கார். சீட்டுக்குப் பின்னால் எஞ்சின், எஞ்சினுக்கும் பின்னால் கியர்பாக்ஸ். கிளப்பினால் பட்டறைத் தகரக் கூரை அதிரும்.

"வீட்டுல நிறுத்தற இடத்துல எண்ணெய் சொட்டுது அண்ணே. நாத்தம் தாங்கலை" என்றார்.

ஊசி தரையில் விழுந்திருந்த சொட்டை விரலில் தொட்டு மூக்கருகே வைத்தார். "எஞ்சின் ஆயில் இல்லம்மா. கியர் ஆயில். அழுகின முட்டை நாத்தம் அடிக்குது பாருங்க. எங்களுக்கு இதுதான் சென்ட்டு."

அவ்வளவு தாழ்வான வண்டியை, தூக்கி நிறுத்தும் லிஃப்டில் ஏற்றவே பலகைகள் போட வேண்டியிருந்தது. அடியில் காற்று வழுக்கிப் போவதற்காகத் தகடு தகடாக மூடியிருந்தார்கள். அவற்றைக் கழற்றினால், கியர்பாக்ஸ் முழுக்க எண்ணெய். அந்த வேகத்தில் ஓடும் வண்டியில் ஒரு சொட்டு கசிந்தாலும் காற்று அதை நாலாபக்கமும் இழுத்துப் பூசிவிடும். எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஊசி முதலில் கியர்பாக்ஸ் மூச்சுவிடும் சின்ன ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெய் கிடைத்த வழியில் பிதுங்கும். அது சுத்தமாக இருந்தது. பிறகு எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவை எடுத்து மேலெல்லாம் தூவினார்கள்.

"காரு எங்கயாச்சும் கல்யாணத்துக்குப் போகுதா?" என்று பல் டாக்டர் சிரித்தார்.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தபோது, வெள்ளைப் பவுடரில் ஒரே ஒரு இடத்தில் ஈரக்கோடு இறங்கியிருந்தது. வலதுபக்கம், சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடம். அங்கே உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையத்துக்கு ஆயில் சீல் என்று பெயர். பக்கத்திலேயே புகைக்குழாய் ஓடுவதால் சூட்டில் ரப்பர் அப்பளமாக விறைத்திருந்தது.

வேலை பெரிய வேலை இல்லை. எண்ணெயை வடித்து, ஆக்ஸிலை உருவி, பழைய சீலை நெம்பி எடுத்துப் புதியதைக் கோணாமல் உட்காரவைக்க வேண்டும். கடைசிக் கட்டம்தான் நுணுக்கம். ஆக்ஸிலைத் திரும்ப உள்ளே விடும்போது அதன் முனையிலிருக்கும் பற்கள் சீலின் மெல்லிய உதட்டில் உரசக்கூடாது. கனமான அந்தத் தண்டை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, குழந்தை வாயில் மருந்துச் சொட்டு விடுவதுபோல நடுவாகச் செலுத்த வேண்டும். அந்தக் கட்டத்தை எப்போதும் ஊசிதான் செய்வார்.

"மாப்ள, போய் டீ சொல்லிட்டு வா" என்றார்.

டீக்கடை எதிரில்தான். பட்டறையிலிருந்தே கத்தினால் கொண்டுவருவார்கள். இருந்தும் மாப்பிள்ளை போனார். ஏன் அனுப்புகிறார் என்று அவருக்குத் தெரியும். சாலையைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது, ஊசி ஆக்ஸிலை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் கூரையைப் பார்த்திருந்தது. பிறகு டங் என்று ஒரு சத்தம். உள்ளே போக வேண்டியது நழுவிப் போய் இடித்த சத்தம். மாப்பிள்ளை டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு ஊசி கை கழுவப் போனபோது வெளியே தெரிந்த போல்ட்டுகளை எல்லாம் மாப்பிள்ளை இறுக்கினார். ஆனால் சீல் உள்ளே இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் மறுபடி எண்ணெயை வடித்து ஆக்ஸிலை உருவ வேண்டும். லிஃப்டின் தூணில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தார். சொட்டவில்லை. ஒருவேளை ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். வண்டி போய்விட்டது.

அடுத்த ஞாயிறு கழிந்து மறுநாள் காலையில், மஞ்சள் காரை ஒரு இழுவை வண்டி முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தது. பின்னால் ஆட்டோவில் பல் டாக்டர். வழக்கமான சிரிப்பு இல்லை.

"நேத்து வளைவுல பின்பக்கம் அப்படியே வழுக்கிடுச்சு அண்ணே. சுத்திட்டேன். கைப்பிடிச் சுவருக்கு இவ்வளவு தூரத்துல நின்னுச்சு" என்று ஒரு சாண் காட்டினார். "அந்தப் பக்கம் பள்ளம். இறங்கிப் பாக்கறேன், வலதுபக்கப் பின்சக்கரம் முழுக்க எண்ணெய்."

மாப்பிள்ளை போய் அந்தச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்த சீல் சரியில்லாத சீலா இருக்கும்" என்றார் ஊசி. "இப்பல்லாம் எவன் ஒழுங்கா பண்றான்? லைட்டைக் குடு மாப்ள, பாத்துடலாம்."

மாப்பிள்ளை கைவிளக்கை நீட்டினார். ஊசி வாங்கினார். அது விரல்களுக்கிடையே தங்காமல் விழுந்து கண்ணாடி சிதறியது. ஊசி குனிந்து பொறுக்கப் போனார். கண்ணாடிச் சில்லை இரண்டு விரலால் எடுக்க முயன்றார், முடியவில்லை. மறுபடி முயன்றார்.

பல் டாக்டர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்கக் கைவிரலை நம்பிப் பிழைப்பவர் அவர். கோபம் முகத்திலிருந்து மெதுவாக வடிந்தது.

"அண்ணே, கையைக் கொஞ்சம் காட்டுங்க."

"எண்ணெய்க் கைம்மா."

"பரவாயில்லை. காட்டுங்க."

அவர் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை இருக்க வேண்டிய இடம் குழிந்திருந்தது. சட்டைக் கையை மேலே தள்ளினார். முன்கையில் தோலுக்கடியில் சதை தானாகவே துடித்தது, குளத்தில் மீன் நெளிவதுபோல, ஒரு நிமிஷம் இங்கே, ஒரு நிமிஷம் அங்கே.

"எவ்வளவு நாளா இப்படி?"

ஊசி கையை இழுத்துக்கொண்டார். அவருக்கு ஒரு பதில் கிடைக்காமல் போனதை மாப்பிள்ளை அன்றுதான் பார்த்தார்.

"இது என் வேலை இல்லை. ஆனா நீங்க உடனே ஒரு நரம்பு டாக்டரைப் பாக்கணும். நான் போன் பண்ணிச் சொல்றேன். நாளைக்கே போங்க" என்றார் பல் டாக்டர். கார் பற்றி அப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை. போகும்போது மாப்பிள்ளையின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஆட்டோ சத்தம் அடங்கியது. ஊசி எண்ணெய் டிரம்மின் மேல் உட்கார்ந்தார்.

"ஆக்ஸிலை உருவு" என்றார்.

மாப்பிள்ளை உருவினார். சீலின் உதடு ஒரு பக்கம் கிழிந்து மடங்கியிருந்தது. உள்ளே இருக்க வேண்டிய மெல்லிய ஸ்பிரிங் வெளியே வந்து தொங்கியது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டியதில்லை. ஊசி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"நீ டீக்கடையிலேருந்து பாத்துட்டுதான இருந்த?"

மாப்பிள்ளை ஆக்ஸிலைத் துணியின் மேல் இறக்கி வைத்தார்.

"நான் கை கழுவப் போனா நீ என் பின்னாடி போல்ட்டு இறுக்குற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? மறுநாள் வந்து தொட்டுப் பாத்தா எல்லாம் கல்லு மாதிரி இருக்கும். நான் இறுக்கினது அப்படி இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் மச்சான் சொல்லலை?"

"நீ ஏன் சொல்லலை?"

தெருவில் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள்.

"எல்லாத்தையும் பாத்தியே, இதை மட்டும் ஏன் விட்ட?" என்றார் ஊசி, அந்த ரப்பர் வளையத்தைத் தூக்கிக் காட்டி. குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"பிரிச்சாத்தான் தெரியும் மச்சான். பிரிச்சா... பிரிச்சது உனக்குத் தெரிஞ்சிடும்."

"அதுக்காக? அந்தம்மா செத்திருந்தா?"

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணீரைத் துடைக்கக் கையைத் தூக்கினார், கை முழுக்கக் கியர் ஆயில். அப்படியே முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"உன்னை மட்டும் சொல்லி என்ன?" என்றார் ஊசி. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சோம். நீ ஒரு பக்கம் அள்ளிப் போட்ட, நான் ஒரு பக்கம் அள்ளிப் போட்டேன்."

அன்று மதியமே வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் மாப்பிள்ளை யோசித்துக்கொண்டே நடந்தார். யோசித்தது வீண். மனைவி அடுப்படியில் நின்றபடி கேட்டாள், திரும்பவே இல்லை.

"ரெண்டு மாசமா அண்ணனுக்கு டீ பாதி டம்ளர்தான் ஊத்தறேன்" என்றாள். "ஏன்னு நெனச்சீங்க? முழுசா ஊத்தினா சிந்திடுது. சிந்தினா அண்ணன் என்னைப் பாக்கும். அந்தப் பார்வையை என்னால பாக்க முடியலை."

ஊசி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கஞ்சப் புத்தின்னு நெனச்சேன்" என்றார். அதற்கு அவள் சிரிக்கப் போய், அழுகையாகிவிட்டது.

நரம்பு டாக்டர் ஊசிகள் குத்தி, கம்பிகள் ஒட்டி, படமெடுத்துப் பார்த்தார். மூளையிலிருந்து சதைக்குப் போகும் கட்டளை வழியிலேயே அறுந்துகொண்டு வருகிறது, முதலில் கை, பிறகு கால், பிறகு விழுங்குவது, பேசுவது, மூச்சு என்றார். நிறுத்த மருந்து இல்லை. கொஞ்சம் மெதுவாக்கலாம், அவ்வளவுதான். நல்ல மனிதர், மழுப்பாமல் சொன்னார். ஊசி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கேபிள் அறுந்த கியர் மாதிரி. கியர் நல்லாத்தான் இருக்கு, சொன்னாலும் விழாது" என்றார். டாக்டர் ஆமாம் என்று தலையசைத்தார்.

மஞ்சள் கார் இன்னும் லிஃப்டின் மேல் இருந்தது. வேறு யாரிடமாவது கொடுத்துவிடுகிறோம் என்று மாப்பிள்ளை போன் பண்ணினார். நீங்களே செய்யுங்கள், நான் காத்திருக்கிறேன் என்றார் பல் டாக்டர்.

புதிய சீல் வந்த அன்று ஊசியும் பட்டறைக்கு வந்தார். அதே டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை சீல் உட்காரும் பள்ளத்தைத் துணியால் துடைத்தார். கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார். சீலின் உதட்டில் எண்ணெய் தொட்டுவைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டித் தட்டி இறக்கினார். பின்னாலிருந்து ஒரு வார்த்தை வரும், "அது என்ன கதவா, தட்டிக்கிட்டே இருக்க?" என்று வரும் என்று முதுகு முழுக்கக் காதாகக் காத்திருந்தார். வரவில்லை.

ஆக்ஸிலைத் தூக்கினார். தனியாக அதை அந்தரத்தில் பிடித்தது அதுதான் முதல்தடவை. கனம் தோள்வரை இழுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முனையை நடுவுக்குக் கொண்டுவந்தார், கொஞ்சம் பின்னால் எடுத்தார், மறுபடி கொண்டுவந்தார். வியர்வை கண்ணில் இறங்கியது.

"ஏதாச்சும் சொல்லு மச்சான்" என்றார் திரும்பாமலே. "திட்டவாவது செய்யி."

ஆக்ஸில் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், பற்கள் பற்களோடு கோர்த்து, மெத்தென்று உட்கார்ந்தது. இடி இல்லை, உரசல் இல்லை.

"நல்லா பண்ற மாப்ள" என்றார் ஊசி. "ரொம்ப நல்லா பண்ற."

இருபது வருஷமாக அந்த வார்த்தைக்கு ஏங்கியவர் மாப்பிள்ளை. இப்போது கேட்டபோது இதைச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சத் தோன்றியது. காரின் அடியில் நின்றபடியே ஆக்ஸிலில் நெற்றியை வைத்துக்கொண்டார். சுத்தமான இரும்பு, ஜில்லென்று இருந்தது.

கியர்பாக்ஸில் எண்ணெய் நிரப்பி, பவுடர் தூவி, ஓட்டிப் பார்த்தார்கள். ஈரக்கோடு இல்லை. பல் டாக்டர் வந்து வண்டியை எடுத்துப்போனார். போகும் முன் ஊசியைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து ஊருக்கு வெளியே ஒரு சுற்றுப் போய்வந்தார். ஆயுசு முழுக்க அப்படிப்பட்ட வண்டிகளின் அடியிலேயே கிடந்தவர், மேலே உட்கார்ந்து போனது அன்றைக்குத்தான். திரும்பி வந்து இறங்க முடியாமல் மாப்பிள்ளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுந்தார். "எப்படி இருந்துச்சு மச்சான்?" என்றதற்கு, "மூணாவது கியர் விழறப்போ ஒரு சத்தம் வருது. அடுத்ததரம் பாரு" என்றார். ஆனால் சாயங்காலம்வரை முகம் வெயில் பட்ட மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் எல்லாம் டாக்டர் சொன்ன வரிசையிலேயே நடந்தது. இடது கையும் போயிற்று. கால் தடுக்க ஆரம்பித்து, மாடி அறையிலிருந்து கட்டில் கீழே கூடத்துக்கு வந்தது. சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு மாப்பிள்ளை தினமும் அவரைப் பட்டறைக்கு அழைத்துவருவார். லேத் பட்டறையிலிருந்து நடுவயசு ஆள் ஒருவரை வேலைக்கு வைத்தார்கள். ஊசி அவரைக் குத்துவார், ஆனால் நாக்கு குழற ஆரம்பித்துவிட்டது. அந்த ஆள் "என்ன சார்?" என்று திரும்பக் கேட்பார். ஊசி மறுபடி சொல்வார். "என்ன சார்?" இரண்டுதரம் சொல்ல வேண்டிவந்த கிண்டல் கிண்டலே இல்லை. ஒரு நாள் ஊசி சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு பட்டறையில் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நாளில் பட்டறைக்கு வருவதும் நின்றது.

எழுத்துகள் எழுதிய ஒரு அட்டையை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். எழுத்தைக் கண்ணால் காட்டினால் நாம் கோர்த்துப் படிக்கலாம். ஊசிக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. கொண்டுவந்து பிடித்தால் கண்ணை மூடிக்கொள்வார். "பிடிவாதம்" என்று தங்கை சொல்வாள், பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையை வாரிவிடுவாள். கரண்டி கரண்டியாகக் கரைத்து ஊட்டுவாள். ஒரு வாய் இறங்க ஒரு யுகம் ஆகும்.

கடைசி நாள் மதியம் வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலின் பாதிவரை வந்திருந்தது. மூச்சு மேலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. ஊசி மாப்பிள்ளையைப் பார்த்து ஏதோ சொன்னார். காற்றும் எச்சிலுமாக ஒரு சத்தம். மாப்பிள்ளை காதை வாயருகே கொண்டுபோனார். மறுபடி அதே சத்தம். கண் அவர் முகத்தை விடாமல் பிடித்திருந்தது. மூன்றாம்தரம் கேட்டு அவரைச் சிரமப்படுத்த மாப்பிள்ளைக்கு மனசு வரவில்லை. "சரி மச்சான்" என்று தலையாட்டினார். "நான் பாத்துக்கறேன்." ஊசி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் தங்கைப் பக்கம் திருப்பினார். வெயில் கட்டிலை விட்டு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பட்டறையைக் கொஞ்ச நாள் பூட்டியிருந்தார்கள். பிறகு திறந்தார்கள். திறக்காமல் என்ன செய்வது, வீட்டில் உட்கார்ந்தால் கட்டில் இருந்த இடம் கண்ணில் படுகிறது. மனைவியும் வீட்டில் தனியாக இருக்க முடியாமல் மதியச் சாப்பாட்டைத் தானே எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்துவிடுவாள். இரண்டு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

அப்படி ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள். "என்னங்க, அன்னைக்கு அண்ணன் உங்ககிட்ட என்ன சொல்லுச்சு?"

மாப்பிள்ளை கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்றால் நம்பிவிடுவாள், ஆறுதலாகவும் இருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. முடியவில்லை.

"எனக்குப் புரியலைம்மா" என்றார். "புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார்.

"நீங்க ஆட்டினதைப் பாத்துதான் உங்களுக்குப் புரிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். அப்புறம் என்னைப் பாத்து அதையே சொல்லுச்சு. எனக்கும் புரியலை. நானும் ஆட்டினேன்."

எதிரே டீக்கடையில் யாரோ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தட்டிலிருந்த சாப்பாட்டை விரலால் ஒதுக்கினாள், மறுபடி சேர்த்தாள்.

"தண்ணி கேட்டிருக்குமோ?" என்றாள்.

மாப்பிள்ளை எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.